நாத்துவாராவில் வாங்கிய இரண்டு ஓவியங்கள்: ஒரு மிருதங்க ஆசிரியரின் மதிப்புரை

மிருதங்கம் வாசிக்கிறவன் ஓர் ஓவியத்தின் முன் நின்றால் முதலில் கைகளைத்தான் பார்ப்பான். கிருஷ்ணனின் முகமும் மயிற்பீலியும் நகைகளும் அப்புறம்தான். கொட்டுகிற கை எங்கே விழுகிறது, விரல் எப்படி மடங்கியிருக்கிறது, வார் எந்தத் தோளில் தொங்குகிறது என்று கண் தானாகத் தேடும். ராஜஸ்தானின் நாத்துவாராவில் ஒரு சிறிய ஓவியக் கடையில் நான் சொல்லி வரையவைத்து வாங்கிய இரண்டு சிற்றோவியங்களைப் பற்றி எழுதுகிறேன். ஒன்று ராசலீலை. இன்னொன்று வசந்த ராகத்தின் ஓவியம். ஒன்றை வாங்கியதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. மற்றதை வாங்கியிருக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே கடையில், ஒரே குடும்பத்தின் கையில் உருவானவை என்பதால், இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதை விளக்கமாகச் சொல்லத் தோன்றுகிறது. சில குறைகளையும் சொல்லப்போவதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

நாத்துவாரா உதய்ப்பூரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 1672இல் கண்ணனின் வடிவமான ஸ்ரீநாத்ஜியின் திருவுருவம், மதுரா வட்டாரமான விரஜ பூமியிலிருந்து இங்கே வந்து அமர்ந்தது. வல்லபாசாரியரின் புஷ்டி மார்க்கம் எனும் கண்ணன் பக்தி நெறியினருக்கு இதைவிடப் பெரிய தலம் இல்லை. கோயிலை அவர்கள் ஹவேலி என்றே சொல்கிறார்கள், ஏனென்றால் அது கண்ணன் குடியிருக்கும் வீடு. நாளொன்றுக்கு எட்டு முறை திரை விலகித் தரிசனம் நடக்கிறது. ஒவ்வொரு தரிசனத்துக்கும் அந்த வேளைக்கும் பருவத்துக்கும் உரிய கீர்த்தனையைப் பாடுகிறார்கள். சூர்தாஸ், நந்ததாஸ், பரமானந்ததாஸ் முதலிய எட்டுக் கவிகளின் பாடல்கள் அவை. பாட்டுக்குத் துணையாகப் பக்வாஜ் ஒலிக்கிறது. நம் மிருதங்கத்துக்கு மிக நெருங்கிய உறவான இரு முகத் தோற்கருவி அது. நாத்துவாராவுக்கென்றே தனியான பக்வாஜ் மரபும் உண்டு. கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில் ஓவியக் குடும்பங்கள் வாழ்கின்றன. ஸ்ரீநாத்ஜிக்குப் பின்னால் தொங்கவிடும் பிச்வாய் எனும் துணி ஓவியத்துக்குப் பெயர்போன ஊர் என்றாலும், காகிதத்தில் சிற்றோவியம் தீட்டுகிறவர்களும் இங்கே நிறைய இருக்கிறார்கள்.

கடை என்றால் ஒரு வீட்டின் முன்னறைதான். தரையில் வெள்ளை விரிப்பு, சுவரோரம் சாய்மானம், மூலையில் தாழ்வான எழுத்துமேசை. தந்தையும் இரண்டு மகன்களும் வரைகிறார்கள். உள்ளே நுழைந்ததும் "ஜெய் ஸ்ரீ கிருஷ்ணா" என்ற வரவேற்பு. நான் தமிழ்நாட்டிலிருந்து வருகிறேன் என்றதும் ஸ்ரீநாத்ஜி படங்களையும் பசுக்கூட்டப் படங்களையும் அடுக்க ஆரம்பித்தார்கள். நான் வாத்தியம் வாசிப்பவன், வாத்தியம் வாசிக்கிற படம்தான் வேண்டும் என்றேன். பெரியவர் எழுந்துபோய் உள்ளறையிலிருந்து ஒரு பழைய துணி மூட்டையைக் கொண்டுவந்தார். அதில் குடும்பத்தின் படிவங்கள் இருந்தன. உருவங்களின் விளிம்புக்கோடு நெடுகிலும் ஊசியால் துளையிட்ட தாள்கள். வெற்றுக் காகிதத்தின் மேல் வைத்துக் கரித்தூளைத் தட்டினால் புள்ளிகளாக உருவம் இறங்கும். தாத்தா காலத்துப் படிவங்கள் என்றார். அவற்றில் பக்வாஜ் வாசிக்கும் ஒரு பெண்ணின் உருவம் இருந்தது. அதைப் பார்த்த உடனேயே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

ராசலீலை ஓவியம் 12 அங்குல அகலம், 16 அங்குல உயரம். விலை 18,000 ரூபாய். வஸ்லி காகிதத்தில் வரைந்தது. கையால் செய்த காகிதத்தைப் பல அடுக்காகப் பசையிட்டு ஒட்டி, அகேட் கல்லால் தேய்த்து வழவழப்பாக்கியது வஸ்லி. அந்தத் தேய்ப்பு சரியாக அமைந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்ப்பதைவிட விரல்நுனியை ஓரத்தில் ஓட்டிப் பார்த்தால் நன்றாகத் தெரியும். இங்கே குறையே இல்லை.

நடுவில் கண்ணனும் ராதையும். சுற்றிலும் வட்டமாகக் கோபியர். இருவருக்கு ஒரு கண்ணன் வீதம் ஒவ்வொரு கோபியின் தோளிலும் ஒரு கண்ணனின் கை. பாகவதத்தின் பத்தாவது ஸ்கந்தத்தில், 29ஆம் அத்தியாயம் முதல் 33ஆம் அத்தியாயம் வரை வரும் ராச பஞ்சாத்தியாயிதான் மூலம். சரத்கால முழுநிலவு, யமுனைக் கரை. அந்த அத்தியாயங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஓசைக்குத் தரப்படும் இடம் மிகப் பெரியது. ஆடுகிறவர்களின் வளையும் சிலம்பும் அரைமணியும் சேர்ந்து எழுப்பிய பேரொலியைச் சொல்கிறது நூல். வானத்தில் துந்துபி முழங்குகிறது, பூமாரி பொழிகிறது, கந்தர்வர்கள் பாடுகிறார்கள். இந்த ஓவியர் அதையெல்லாம் விட்டுவிடவில்லை. மேல்விளிம்பில் நான்கு விமானங்கள் மிதக்கின்றன. ஒன்றில் இரட்டை முரசு. அதை அடிக்கிறவனின் இரு கோல்களும் ஒரே உயரத்தில் இல்லை, ஒன்று தோலைத் தொடும்போது மற்றது தோளுக்கு மேலே இருக்கிறது. கட்டைவிரல் அகலத்துக்குள் அடங்கிய உருவத்தில் இவ்வளவு கவனம்.

வட்டத்துக்கு வெளியே, கீழ்ப்பகுதியில் வாத்தியக்காரப் பெண்கள். தம்பூரா ஒருத்தி, தாளம் ஒருத்தி, டஃப் எனும் ஒருமுகப் பறை ஒருத்தி, பக்வாஜ் ஒருத்தி. இந்தக் கடைசிப் பெண்ணைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

அவள் நின்றபடி வாசிக்கிறாள். பக்வாஜ் கழுத்திலிருந்து பட்டையால் தொங்குகிறது. எடையுள்ள வாத்தியத்தை இப்படித் தொங்கவிட்டு வாசிக்கும்போது உடல் சும்மா நிமிர்ந்து நிற்க முடியாது. இடுப்பு சற்று முன்னால் வரும், மேல்முதுகு பின்னால் சாயும். கோயில் புறப்பாட்டில் தவில் வாசிப்பவர்களைப் பாருங்கள், அந்தச் சாய்வு தெரியும். இந்தப் பெண் அப்படியே சாய்ந்திருக்கிறாள். பட்டை கழுத்தில் அழுந்தும் இடத்தில் மேலாடை சுருங்கியிருக்கிறது. வாத்தியத்தின் வலப்பக்கத்தில் கறுப்பு வட்டம், நாம் கரணை என்பது. இடப்பக்கத்தில் வெளிர்நிறத் திட்டு. மிருதங்கத்தின் தொப்பியில் நாம் ரவையைப் பிசைந்து அப்புகிறோம். பக்வாஜில் கோதுமை மாவு. அந்தத் திட்டு முழு வட்டமாக இல்லாமல் ஓரம் சற்றுப் பிசிறியிருப்பதைக்கூட வரைந்திருக்கிறார்கள். மாவு அப்பியவர்களுக்குத்தான் அந்தப் பிசிறு தெரியும். வார்களுக்கு அடியில் சுருதி கூட்டும் மரக்கட்டைகள் உள்ளன. மிருதங்கத்தில் இந்தக் கட்டைகள் கிடையாது, பக்வாஜில் உண்டு. சரியாகவே இருக்கிறது.

இப்போது கை. வலது கையில் மோதிரவிரல் மடங்கிக் கரணையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆள்காட்டி விரல் மட்டும் தூக்கி நிற்கிறது, அடுத்த கணம் விளிம்பில் விழப்போகிறது. என் மாணவர்களுக்கு 'நம்' என்ற சொல்லை வாசிக்கக் கற்றுக்கொடுக்கும்போது நான் பிடித்துவைக்கும் விரல்கள் இவைதான். இடது கை முழுதாக விரிந்து, உள்ளங்கையின் அடி மாவுக்குச் சற்று மேலே இருக்கிறது. முழுக்கையும் விழும் திறந்த அடி பக்வாஜின் அடையாளம். படத்தை வகுப்பறையில் மாட்டியபின் ஒரு மாணவன் அதன் எதிரில் உட்கார்ந்து, கேட்காமலேயே தன் விரலை அதுபோல் மடக்கிப் பார்த்துக்கொண்டான். 18,000 ரூபாய்க்கு இந்த ஒரு கை போதும் என்பது என் கணக்கு.

இது எப்படி வந்தது என்று பெரியவரிடம் கேட்டேன். படிவத்தில் கையின் வெளிக்கோடு மட்டும்தான் இருக்கிறது, விரல்களை அவரே பார்த்து வரைந்ததாகச் சொன்னார். சிறுவயதிலிருந்து தரிசனத்துக்குப் போகிறவர். கீர்த்தனை பாடுகிறவர்கள் எந்தப் பக்கம் உட்காருகிறார்கள், பக்வாஜ்காரர் எந்த வேளையில் மாவை மாற்றுகிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. காதில் தினமும் விழுவது கையில் இறங்கியிருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது ஓவியத்துக்குப் போகும்போது தேவைப்படும்.

ஆட்டத்தைப் பற்றி என் மனைவி பார்த்துச் சொன்னதை எழுதுகிறேன். பரதநாட்டியம் கற்றவர், கால்களைப் பார்க்கத் தெரிந்தவர். வட்டமாகச் சுழல்கிறவர்களின் பாவாடை விரிவதற்கு ஒரு திசை உண்டு. உடல் திரும்பும் பக்கத்துக்கு எதிரே துணி பின்தங்கும், பின்னலும் முந்தானையும் அதே பக்கம் பறக்கும். இந்த வட்டத்தில் பெரும்பாலான கோபியருக்கு அது ஒத்துப்போகிறது. மேற்பகுதியில் மட்டும் சிலருக்குப் பாவாடை ஒரு பக்கமும் ஓடனி எனும் மேல்துணி இன்னொரு பக்கமும் போகின்றன. அந்த இடத்தில் மட்டும் நடனம் நின்றுவிடுகிறது. மகன்களில் ஒருவர் வரைந்த பகுதியாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். கால்களில் எல்லோருக்கும் ஒரே நிலை, ஒரு குதிகால் தூக்கி, மறுபாதம் பதிந்து. அதுவும் சற்று அலுப்புத்தான். ஆனால் தூக்கிய குதிகாலுக்கு மேலே சலங்கை சரிந்து கணுக்காலில் ஒரு பக்கமாக இறங்கியிருப்பதை மனைவி காட்டியபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஆடும்போது சலங்கை அப்படித்தான் இறங்கும்.

வட்ட ஆட்டம் என்றதும் தமிழ் வாசகருக்குச் சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை நினைவுக்கு வராமல் இருக்காது. ஆயர்பாடியில் தீய நிமித்தங்களைக் கண்ட மாதரி, கண்ணன் ஆடிய குரவையை ஆடுவோம் என்று ஏழு பெண்களை நிறுத்துகிறாள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களையே அவர்களுக்குப் பெயராக்குகிறாள். குரல் மாயவன் ஆகிறாள், இளி பலராமன் ஆகிறாள், துத்தம் நப்பின்னை ஆகிறாள். அந்த வட்டத்தில் ஆடுகிறவர்களே சுரங்கள், சுரங்களே தெய்வங்கள். வடக்கத்திய ஓவியர்கள் ராகங்களுக்கு உருவம் கொடுத்து வரைந்த ராகமாலை ஓவியங்களைப் பார்க்கும்போதெல்லாம் இளங்கோவடிகள் நிறுத்திய அந்த ஏழு பெண்கள் எனக்கு வழிகாட்டுகிறார்கள். இசையை ஓர் ஆளாக, ஒரு முகமாக, ஒரு பக்தனின் கண்முன் நிற்கும் உருவமாக எண்ணுவது நமக்கு அந்நியமான வழக்கமே இல்லை.

இரண்டாவது ஓவியத்துக்கு வருகிறேன். அது ராகமாலை வகையைச் சேர்ந்தது. ஆறு ராகங்கள், ஒவ்வொன்றுக்கும் அதன் மனைவியராக எண்ணப்படும் ஐந்து ராகினிகள் என மொத்தம் 36 ஓவியங்கள் கொண்டது ராஜஸ்தானில் பெருவழக்கான ராகமாலைத் தொகுப்பு. உதய்ப்பூர்ப் பகுதியான மேவாரில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. உதய்ப்பூருக்குத் தெற்கே சாவண்டில் 1605இல் நசீருத்தீன் ஒரு ராகமாலை வரைந்தார். 1628இல் சாஹிப்தீன் இன்னொன்று வரைந்தார். அடுத்த ஆண்டே அவர் ஜெயதேவரின் கீதகோவிந்தத்துக்கும் ஓவியங்கள் தீட்டினார். இரண்டு முஸ்லிம் ஓவியர்கள் கண்ணனின் நடனத்தையும் ராதையின் காத்திருப்பையும் இவ்வளவு கனிவோடு வரைந்தார்கள் என்பது மேவார் ஓவியத்தைப் பற்றி நான் யாரிடமும் முதலில் சொல்லும் செய்தி.

வசந்த ராகத்துக்கு ஓவியர்கள் வகுத்த உருவம் மிக அழகானது. இளவேனில், பூத்த மாமரம். கண்ணன் ஒரு கையில் வீணையும் மறுகையில் பூங்கொத்து வைத்த குடமும் ஏந்தி ஆடுகிறான். இருபுறமும் பெண்கள் மத்தளமும் தாளமும் வாசிக்கிறார்கள். பல ஓவியங்களில் ஹோலி வண்ணப்பொடியும் பறக்கும். கீதகோவிந்தத்தில் 'லலித லவங்க லதா' என்று தொடங்கும் அஷ்டபதிக்கு ஜெயதேவர் குறித்த ராகமும் வசந்தம்தான். நம் பஜனை மடங்களில் அஷ்டபதி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஓவியம் சொந்த வீட்டுப் படம்போல் இருக்கும். ராகம் மட்டும் அதே ராகம் இல்லை. இந்துஸ்தானியின் பசந்த், பூர்வி எனும் தாட்டை (தாய் ராக வகையை) சேர்ந்தது. நம் வசந்தா சூரியகாந்தம் எனும் மேளத்தில் பிறந்த ஜன்ய ராகம், அந்தி வேளைக்கு உரியது. ஓவியத்தைக் காட்டி வசந்தா பாடினால் பெயர் ஒட்டும், சுரம் ஒட்டாது. சொல்லிவைப்பது நல்லது.

8 அங்குலத்துக்கு 11 அங்குலம், விலை 9,500 ரூபாய். மரம் அருமை. மாம்பூக்கள் ஒவ்வொன்றும் தனித்தனிப் புள்ளியாக, பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் லேசாக மேடிட்டுத் தெரிகின்றன. மேலே பழைய மேவார் முறையில் மஞ்சள் பட்டை, அதில் எழுத்து. மத்தளம் வாசிக்கும் பெண் இங்கும் உயிரோடு இருக்கிறாள். தாளம் போடும் பெண்ணின் இரு கிண்ணங்களும் நேருக்குநேர் முட்டாமல் ஒன்றன் விளிம்பு மற்றதன் மேல் சாய்வாக விழுகிறது. அப்படித் தட்டினால்தான் நாதம் நீளும்.

ஆனால் வீணை செத்துக் கிடக்கிறது.

பழைய ஓவியங்களில் கண்ணன் வீணையை ஏந்துகிறான், அவ்வளவுதான். ஒரு கையில் குடம் இருப்பதால் மீட்ட வழியில்லை. ஓவியரும் மீட்டுகிறமாதிரி வரைய வேண்டியதில்லை. இந்தக் கடையில் குடத்தை ஒரு கோபியின் கைக்கு மாற்றிவிட்டுக் கண்ணனை வீணை வாசிக்கவைத்திருக்கிறார்கள். நான் இசைக்காரன் என்பதால் எனக்காகச் செய்த மாற்றம் அது. அன்பாகச் செய்ததுதான், ஆனால் அந்த வாத்தியம் அவர்களுக்குத் தெரியவில்லை. இந்த ஓவியங்களில் வரும் வீணை நம் சரஸ்வதி வீணை இல்லை, ருத்ர வீணை. வடக்கே பீன் என்பார்கள். நீண்ட தண்டு, அதன் கீழே இரண்டு பெரிய சுரைக்குடுக்கைகள், மெழுகில் பதித்த இருபதுக்கும் மேற்பட்ட மெட்டுகள். மேல்குடுக்கை இடது தோளில் ஏறும். இடக்கை தண்டைச் சுற்றி வந்து, விரல்நுனிகள் மெட்டின் மேல் தந்தியை அழுத்தும். வலக்கை விரல்கள் தந்தியை மீட்டும். இங்கே வரைந்திருக்கும் கண்ணனின் இடக்கை தண்டை ஒரு கம்பைப் பிடிப்பதுபோல் பற்றியிருக்கிறது. ஐந்து விரலும் மூடிய பிடி. மெட்டுகள் கறுப்புப் புள்ளிகளாகத் தண்டின் பக்கவாட்டில் ஓடுகின்றன. தந்தி என்று பொன்னில் ஒரே கோடு, அதுவும் தந்தியைத் தாங்கும் குதிரை எனும் கட்டையைத் தொடாமல் காற்றில் முடிகிறது. வலக்கை மிக அழகான முத்திரை காட்டுகிறது, ஆனால் தந்திக்கு அரை அங்குலம் தள்ளி. அந்த வீணையில் ஒரு சுரமும் பிறக்காது.

பெரியவரிடம் தொலைபேசியில் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. பீன் வாசிப்பதை நேரில் கேட்டதில்லை, பார்த்ததுமில்லை, அச்சுப்படத்தைப் பார்த்து மகன் வரைந்தான் என்றார். ஹவேலி கீர்த்தனையில் பக்வாஜ் இன்றும் ஒலிக்கிறது. ருத்ர வீணை வாசிக்கிறவர்கள் இந்தியா முழுவதிலும் வெகு சிலர்தான். அரண்மனை ஓவியர்களின் நிலைமை வேறு. அவர்கள் வேலை செய்த அரசவைகளில் பீன் வாசிப்பவர்களும் துருபத் எனும் பழைய இந்துஸ்தானி இசை பாடுகிறவர்களும் இருந்தார்கள். ஓவியர் தலையை நிமிர்த்தினால் வாத்தியக்காரர் தெரிவார். ராஜஸ்தானின் கிஷன்கட்டில் நிகால் சந்த் வரைந்த ராதையின் முகத்துக்குத் தூண்டுதலாக இருந்ததாகச் சொல்லப்படும் பணி டணி அந்த அரசவையின் பாடகி. இமயமலை அடிவாரத்து மலைநாட்டில் மானக்கு எனும் ஓவியர் 1730இல் கீதகோவிந்தத்தை வரைந்தார். அவருடைய தம்பி நயின்சுக் ஜஸ்ரோட்டா அரச குடும்பத்தின் பல்வந்த் சிங்குக்காகப் பாடகரையும் ஆடுமகளிரையும் நேரில் பார்த்து வரைந்தவர். அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறை 1775 வாக்கில் மீண்டும் கீதகோவிந்தத்தைக் கையில் எடுத்தபோது, கண்ணனின் உதட்டில் புல்லாங்குழல் உட்காரும் கோணத்தைக்கூடப் பிழையில்லாமல் போட்டார்கள். பார்த்ததும் கேட்டதும் அருகில் இருந்ததால் வந்த தெளிவு அது. மானக்குவின் ஓவியங்களில் கணிசமானவை சண்டிகர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தில்லி தேசிய அருங்காட்சியகத்தின் சிற்றோவியத் தொகுப்பும் மிகப் பெரியது. எதையாவது வரையச் சொல்லிப் பணம் கொடுப்பதற்குமுன் இவற்றில் ஒன்றுக்காவது போய்க் கைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வண்ணங்களைப் பற்றிச் சுருக்கமாக. கல்லை அரைத்த வண்ணம்தான் என்று கடையில் சொன்னார்கள். சிவப்பும் மஞ்சளும் அப்படித்தான் தோன்றுகின்றன, ஆழம் இருக்கிறது. பச்சையில் எனக்குச் சந்தேகம். பாவாடைகளின் பச்சை தட்டையாக, கடையில் கிடைக்கும் போஸ்டர் கலர் போன்று இருக்கிறது. தங்கம் உண்மையான தங்கத்தாள்தான். அகேட் கல்லால் தேய்த்த இடம் படத்தைச் சாய்க்கும்போது மினுங்கி, நேராக்கும்போது அடங்குகிறது. வெண்கலத்தூள் என்றால் இந்த நேரத்துக்கு மங்கத் தொடங்கியிருக்கும்.

சேவையில் இரண்டு குறைகள். தீபாவளிக்குமுன் தருவதாகச் சொன்னது மார்கழியில்தான் வந்தது. கையால் செய்யும் வேலை தாமதமாகும், அதில் எனக்குக் கோபமில்லை. இரண்டாவது குறை பெரியது. ராசலீலையை இரண்டு ஒட்டுப்பலகைக்கு நடுவே தட்டையாக வைத்து, மெழுகுத்தாள் போட்டு ஒழுங்காக அனுப்பினார்கள். வசந்தத்தைச் சிறிய படம்தானே என்று பிளாஸ்டிக் குழாயில் சுருட்டி அனுப்பிவிட்டார்கள். வஸ்லி பல அடுக்குக் காகிதம், அதைச் சுருட்டவே கூடாது. பிரித்தபோது மஞ்சள் பட்டையில் மயிரிழை விரிசல்கள், ஒரு கோபியின் தோளருகே வண்ணம் ஒரு பயறளவு உதிர்ந்திருந்தது. சொன்னதும் வருத்தம் தெரிவித்தார்கள், திருப்பி அனுப்பினால் சரிசெய்து தருவதாகச் சொன்னார்கள், ஆனால் போக வர அஞ்சல் செலவு என்னுடையதாம். அது நியாயமில்லை என்று அவர்களிடமே சொல்லிவிட்டேன். பாதிச் செலவை ஏற்பதாக இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

நம் ஊர் ஈரக்காற்றுக்குச் சட்டம் போடும்போது கவனம் தேவை. கண்ணாடி ஓவியத்தைத் தொடக்கூடாது, நடுவில் அட்டை விளிம்பு வேண்டும். அட்டை அமிலமில்லாததாக இருக்கட்டும். சன்னலுக்கு எதிரில் மாட்டாதீர்கள், குளியலறைச் சுவரின் மறுபக்கத்திலும் மாட்டாதீர்கள்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? ராசலீலை, ஹோலி, கோவர்த்தன பூஜை, ஹவேலி கீர்த்தனை என்று பக்வாஜும் தாளமும் டஃபும் வரும் எந்தப் படத்துக்கும் இந்தச் சந்துக் குடும்பங்களை நம்பிப் போகலாம். அந்த வாத்தியங்கள் அவர்கள் காதில் இருக்கின்றன. வீணை வரும் படமென்றால், வீணையைக் கண்ணன் ஏந்தியிருக்கும் பழைய அமைப்பையே கேட்டு வாங்குங்கள், வாசிக்கும் அமைப்பை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அல்லது நீங்களே ஒரு ருத்ர வீணைக் கச்சேரியின் காணொளியை அனுப்பி, இடக்கை விரல்களைத் தனியாக வரைந்து காட்டச் சொல்லுங்கள். ஆடும் உருவங்களில் பாவாடையும் ஓடனியும் ஒரே பக்கம் போகிறதா என்று பென்சில் கட்டத்திலேயே பாருங்கள். வண்ணம் ஏறியபின் மாற்ற முடியாது. பக்வாஜ்காரியைப் பெரியவரே வரைய வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் அவர்களிடம் மூன்றாவது படம் ஒன்றைக் கேட்டிருக்கிறேன். மலைநாட்டு ஓவியர்கள் விரும்பி வரைந்த சிவனின் அந்திக்கூத்து. பிரதோஷ வேளையில் கயிலையில் தேவியை அமர்த்திச் சிவன் ஆட, சரஸ்வதி வீணை வாசிக்கிறாள், இந்திரன் குழல் ஊதுகிறான், பிரம்மா தாளம் போடுகிறார், லட்சுமி பாடுகிறாள், மிருதங்கம் வாசிப்பவர் திருமால். பிரதோஷ ஸ்தோத்திரத்தில் வரும் காட்சி. திருமாலின் கையில் சங்கும் சக்கரமும் இருக்க, மீதி இரண்டு கைகளுமே வாசிக்க வேண்டும். அந்த இரண்டு கைகளைப் பெரியவர் எப்படி வைக்கப்போகிறார் என்று பார்க்க எனக்கு ஆசை. சரஸ்வதியின் வீணையை மட்டும் மகன் தொடக்கூடாது என்றும், கோட்டுப்படம் என் கைக்கு வந்து விரல்களைச் சரிபார்த்தபின்பே முன்பணம் என்றும், தட்டையாகத்தான் அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். பெரியவர் மூன்றுக்கும் சம்மதம் சொல்லிவிட்டார்.